மீட்டர்காரர் வாங்கிய ஏரியா

மீட்டர்காரர் என்ன வாங்கியிருக்கிறார் என்பது அவர் மனைவிக்குப் புரியவில்லை. அவருக்கே புரிந்திருந்ததா என்பதும் சந்தேகம்தான். கடை என்று சொல்லலாமென்றால் கடை இல்லை. சரக்கு என்று சொல்லலாமென்றால் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலை என்று சொல்லலாமென்றால் சம்பளம் கிடையாது. ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரு யூனிஃபார்ம் கம்பெனியில் கட்டிவிட்டு, ஒரு தடித்த புத்தகமும் அளவு டேப்பும் மாதிரித் துணிப் பெட்டியும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து நின்றார்.

“என்னங்க இது?”

“ஃபிரான்சைஸ். அவங்க பேர்ல நாம வியாபாரம் பண்ணலாம்.”

“துணி அவங்க குடுப்பாங்களா?”

“இல்ல, அதை நாமதான் அவங்ககிட்ட வாங்கணும்.”

“அப்ப கட்டின பணம்?”

“அவங்ககிட்ட வாங்கறதுக்கான உரிமைக்கு.”

மனைவி பெட்டியையும் பார்த்தார், கணவரையும் பார்த்தார். “கடைக்காரன்கிட்ட சாமான் வாங்கறதுக்கு உரிமைக்காசு கட்டிட்டு வந்திருக்கீங்க. நான் இத்தனை வருஷமா சும்மாவே வாங்கிட்டு இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மீட்டர்காரர் முட்டாள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். தெருக்களுக்கு அவர் மீட்டர்காரர், அலுவலகத்தில் வெறும் மீட்டர். அந்த வேலையில் அவர் கண்டுகொண்ட ஒரே உண்மை காக்கிச் சட்டைதான். அதைப் போட்டுக்கொண்டு போனால் கதவு திறக்கும். குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து திறப்பார்கள். ஒருமுறை சட்டை காயவில்லை என்று வேறு சட்டையில் போனார். வருஷக்கணக்காகக் கதவு திறந்துவிட்ட அதே அம்மாள், சங்கிலியை எடுக்காமல் யார் நீங்கள் என்று கேட்டாள். வேலை பார்ப்பது சட்டைதான், ஆள் அதைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மட்டுமே என்று அன்றைக்கு முடிவுகட்டினார்.

ஓய்வு பெற்றதும் சட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தார். பிறகு தெருவில் அவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் இந்தக் கம்பெனியின் விளம்பரம் கண்ணில் பட்டது. தொழிலாளிகளுக்கான உடுப்பு, கையுறை, காலணி, கம்பெனி பெயர் பொறித்த சட்டை. பண்டிகைக்குத் துணி எடுக்காதவர்கள் இருக்கலாம், வேலைக்குப் போகிறவன் சட்டை இல்லாமல் போவானா என்று நினைத்தார். மகள் ஃபோனில், “அப்பா, ஏமாத்து வேலை எதுவும் இல்லையே?” என்று கேட்டாள். இல்லை. கம்பெனி நேர்மையானதுதான். எழுதிக் கொடுத்ததைச் செய்யும், எழுதாததைச் செய்யாது. எழுதிக் கொடுத்தது என்ன என்பதுதான் இவருக்குத் தெளிவாகவில்லை.

முதல் குழப்பம் ஏரியா. கம்பெனி ஒரு வரைபடம் கொடுத்திருந்தது. அதில் சிவப்புக் கோடு இவர் தெருவின் நடுவாகப் போயிற்று. கோட்டுக்கு அந்தப் பக்கம் இவருடைய ஏரியா. இந்தப் பக்கம் வேறொருவருடையது. இவர் வீடு இந்தப் பக்கம் இருந்தது.

“அப்ப நம்ம வீட்டு வாசல்ல நின்னு ஒரு கையுறை விக்கக் கூடாதா?” என்று மனைவி கேட்டார்.

“கூடாது.”

“ரோட்டைத் தாண்டினா?”

“தாராளமா.”

விற்கப் போகும்போது கம்பெனியின் பச்சை மேல்சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அடுத்தவர் ஏரியாவில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்பதும் விதி. அதனால் மீட்டர்காரர் தினமும் காலையில் சட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி, எதிர் வீட்டு மதில் ஓரமாக நின்று மாட்டிக்கொள்வார். திரும்பும்போது அங்கேயே கழற்றுவார். எதிர் வீட்டுக்காரர் சில நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டார்.

சட்டையின் மார்பில் ‘ஆலோசகர்’ என்று தைத்திருந்தது. யாருக்கு என்ன ஆலோசனை சொல்வதென்று புத்தகத்தில் நிறைய இருந்தது. ஆனால் ஒரு பட்டறையில் மெக்கானிக் இடது கைக்கு மட்டும் கையுறை கேட்டான். வலது கையுறை இன்னும் நன்றாக இருக்கிறதாம். அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. ரொட்டி சுடும் இடத்தில் தொப்பியை மாதிரிக்கென்று வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கழற்றவே இல்லை. மீட்டர்காரரும் பழக்க தோஷத்தில் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் சுவரில் மீட்டர் எங்கே என்று தேடி, ஓடியிருக்கும் யூனிட்டைப் படித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அதைப் பார்த்தவர்கள் மின்சாரத்தைத் துண்டிக்க வந்திருக்கிறார் என்று பயந்து, துணி என்றதும் நிம்மதியாகி, எதுவும் வாங்காமல் அனுப்பினார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு கெடு இருந்தது. முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆர்டராவது பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏரியா கோட்டுக்கு இந்தப் பக்கத்துக்காரருக்குப் போய்விடும். கட்டிய பணம் திரும்பாது. இது ஒன்றுதான் அந்தத் தடித்த புத்தகத்திலேயே மீட்டர்காரருக்குச் சந்தேகமில்லாமல் புரிந்த வரி.

கெடு நெருங்கும்போது முதியோர் இல்லம் கிடைத்தது. நடமாட முடியாதவர்களையும், பக்கவாதத்தில் படுத்தவர்களையும், வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாதவர்களையும் வைத்துப் பராமரிக்கும் இடம். இல்லத்தை நடத்தும் மேட்ரன் நின்று பேச மாட்டார். நடந்துகொண்டே பேசுவார், கேட்கிறவர் பின்னால் ஓட வேண்டும். மூன்று தாழ்வாரத்தையும் ஒரு படிக்கட்டையும் கடந்த பிறகு முடிவு சொன்னார். இங்கே எல்லோருக்கும் யூனிஃபார்ம் எடுக்கலாம், ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம். சரியாக இருந்தால் இதே டிரஸ்டின் மற்ற மூன்று இல்லங்களுக்கும் இவரிடமே ஆர்டர். மாதம் முடிந்து அவர் சரியென்று கையெழுத்துப் போட்டால் கம்பெனிக் கணக்கில் அது பெரிய ஆர்டர். மீட்டர்காரர் தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தார். எதிர் வீட்டு மதிலில் சட்டையைக் கழற்றவும் மறந்துபோனார்.

அளவெடுக்கப் போன அன்று அவரை எல்லோரும் தையல்காரர் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி அறுந்த ஜிப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். தோட்டக்காரர் தன் மகனுடைய கால்சட்டையைக் குட்டையாக்க முடியுமா என்று விசாரித்தார். பெண்கள் இவரிடம் அளவு கொடுக்க மறுத்ததால் லாண்டரிக்கார அம்மாள் டேப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து ஒவ்வொருத்தியின் மார்பளவையும் இடுப்பளவையும் உரத்த குரலில் சொன்னார். இவர் வெளியே எழுதிக்கொண்டார். தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். பாக்கெட்டுக்காகச் சண்டை போட்டது நர்ஸ் ஒருவர்தான். குள்ளமாக, கண்ணாடி போட்டிருப்பார்.

“ஒரு பாக்கெட் போதாது சார். பேனா, டார்ச், கத்திரிக்கோல், கையுறை, இதெல்லாம் எங்க வச்சுக்கறது, உங்க தலையிலயா?”

மூன்று பாக்கெட் என்று எழுதிக்கொண்டார்.

ஒரே நிறத்தில் எடுத்தால் விலை குறையும் என்று கம்பெனி சொன்னது. கரும்பச்சையில் கறை தெரியாது என்று மேட்ரன் சொன்னார். முதல் ஆர்டருக்கு மார்பில் அவரவர் வேலையை இலவசமாக எம்பிராய்டரி செய்து தருவதாகவும், அதன் கீழேயே கம்பெனி முத்திரை வருமென்றும் கம்பெனி சொன்னது. செவிலியர், பராமரிப்பாளர், சமையல், துப்புரவு, ஓட்டுநர், தோட்டம். சட்டை எல்லாம் ஒரே நிறம், எழுத்தைப் பார்த்தால் யார் யாரென்று தெரிந்துவிடும். எல்லோருக்கும் பிடித்திருந்தது. சட்டைகள் வந்தபோது தையல் கச்சிதம். மேட்ரன் விரலால் தடவிப் பார்த்தார்.

யாரும் லாண்டரி அறைக்குள் போய்ப் பார்க்கவில்லை.

அந்த இல்லத்தில் சட்டை யாருக்கும் சொந்தமில்லை. பழைய சாம்பல் நிற அங்கி இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். வேலை முடிந்ததும் எல்லோரும் கழற்றிக் கூடையில் போடுவார்கள். எல்லாம் ஒன்றாகக் கொதிநீரில் துவைந்து வரும். லாண்டரிக்கார அம்மாள் அவற்றை மடித்து அலமாரியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று தட்டில் அடுக்குவார். வேலைக்கு வருகிறவர்கள் தம் அளவுத் தட்டில் மேலாக இருப்பதை எடுத்து மாட்டிக்கொண்டு போவார்கள். மடிக்கும்போது சட்டையின் முன்பக்கத்தை உள்ளே வைத்து மடிப்பது அந்த அம்மாளின் வழக்கம். வெளியே வைத்தால் பஞ்சு ஒட்டும்.

முதல் வாரம் வாடிக்கையாளர் திருப்தியாக இருக்கிறாரா என்று நேரில் போய் விசாரிக்க வேண்டும் என்பது புத்தகத்தின் கட்டளை. மீட்டர்காரர் போனார். வாசலில் ‘சமையல்’ வேன் கழுவிக்கொண்டிருந்தது. ‘ஓட்டுநர்’ ஒரு பாட்டிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தது. ‘செவிலியர்’ என்று எழுதிய சட்டையில் கனத்த சமையல்காரம்மா ஒருவர் காய்கறிக் கூடையோடு படியேறிக்கொண்டிருந்தார். பாக்கெட்டுக்குச் சண்டை போட்ட நர்ஸின் மார்பில் ‘துப்புரவு’ என்றிருந்தது. முன்னாள் பள்ளி இன்ஸ்பெக்டரான ஒரு கிழவி எல்லோர் மார்பையும் கண்ணாடி போட்டுப் படித்து, ‘சமையல்’ சட்டையில் வந்த தோட்டக்காரரை நிறுத்தி வைத்து, நேற்றைய குழம்பில் உப்பு இல்லையென்று விளாசிக்கொண்டிருந்தார். தோட்டக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இனிமேல் பார்த்துப் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கம்பெனி எழுத்தை மாற்றித் தைத்துவிட்டதோ என்று மீட்டர்காரருக்கு முதலில் தோன்றியது. பிறகு தான்தான் ஆட்களை மாற்றி எழுதிக்கொண்டோமோ என்று தோன்றியது. தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து தன் குறிப்பைப் புரட்டினார். அதில் எல்லாம் சரியாகவே இருந்தது. இது இன்னும் குழப்பமாக இருந்தது. கடைசியில் லாண்டரி அறைக்குப் போய் அலமாரியைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

எழுத்தைப் பார்த்துப் பிரித்து அடுக்கக் கூடாதா என்று கேட்டார்.

“அளவு பாத்துத்தாங்க அடுக்கறது. செவிலியர்ல சின்னது இருக்கு, பெருசும் இருக்கு. சமையல்லயும் அப்படி. அப்ப எத்தனை தட்டு வேணும்னு நீங்களே எண்ணிச் சொல்லுங்க.”

மீட்டர்காரர் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். மேட்ரனிடம் போனால் அவர் நடந்துகொண்டே சிரித்தார். போகப் போகச் சரியாகிவிடும் என்றார். சரி, வாயை மூடிக்கொண்டு இந்த ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம் என்று மீட்டர்காரர் முடிவு செய்தார். யாரும் குறை சொல்லவில்லை. கெடு கழுத்தில் உட்கார்ந்திருந்தது.

சரியாகவில்லை. குழப்பத்தில் ருசி கண்டுவிட்டார்கள். ஓட்டுநர் ‘பராமரிப்பாளர்’ சட்டையைத் தேடி எடுத்துப் போட ஆரம்பித்தார். அதைப் போட்டால் ஆஸ்பத்திரி வாசல்வரை வேனை விடுகிறார்கள். குள்ள நர்ஸ் பார்வையாளர் வரும் நாட்களில் வேண்டுமென்றே ‘துப்புரவு’ போட்டார். மீட்டர்காரர் கேட்டபோது மறைக்கவில்லை. “சொந்தக்காரங்க யாரும் வழிமறிக்கறதில்ல சார். வயித்தால போச்சா, ஏன் மெலிஞ்சிருக்கார், மாத்திரை கலர் ஏன் மாறிச்சுன்னு ஒரு ஆள் கேக்கறதில்ல. ரவுண்டை நேரத்துக்கு முடிக்கறேன்.” சமையல்காரம்மாவுக்கு மட்டும் ஆசை எதுவும் இல்லை. அவருக்கென்று தைத்தது தினமும் வேறு யார் கைக்கோ போய்விட, அவர் உடம்புக்குச் சரியாக நுழைந்தது அந்த ஒரு பெரிய ‘செவிலியர்’ சட்டைதான். சிஸ்டர் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர்களைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போய், கூப்பிட்டால் என்னவென்று கேட்கப் பழகிக்கொண்டார்.

மாதம் முடிய நாலைந்து நாள் இருந்தது. மற்ற இல்லங்களுக்கான துணி மாதிரியை மேட்ரனிடம் காட்ட மீட்டர்காரர் போயிருந்தார். பார்வையாளர் நாள். மாடியில் ஓர் அறையில் பக்கவாதம் வந்த பெரியவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் மாதக்கணக்கில் வராமல் அன்று வந்திருந்தான். கையில் டீ நிரப்பிய ஃபிளாஸ்க். மாடிப்படியில் தட்டுகளோடு இறங்கிய சமையல்காரம்மாவின் மார்பைப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், அப்பாவுக்கு டீ குடுக்கலாமா?” என்று கேட்டான்.

சமையல்காரம்மாவுக்குத் தெரிந்தது அறை எண்கள்தான். எந்த அறைக்கு மசித்த உணவு, எந்த அறைக்குக் கெட்டியாக்கிய பானம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இவன் எந்த அறைக்காரரின் மகன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? “நல்லா ஆத்திக் குடுங்க, தம்பி,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

விழுங்கும் தசை செத்துப்போனவருக்குத் தண்ணீரைவிட ஆபத்து வேறில்லை. கெட்டியாக இருந்தால் மெதுவாக இறங்கும். நீர்த்திருந்தால் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆறிய டீ அப்படித்தான் போனது. மீட்டர்காரர் மாடித் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். உள்ளே நாற்காலி விழும் சத்தமும் மகன் யாரையோ கூப்பிடும் சத்தமும் கேட்டன. குள்ள நர்ஸ் எதிர் அறையிலிருந்து ஓடினார். மீட்டர்காரர் பின்னாலேயே வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பெரியவரின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நர்ஸ் அவரைத் தூக்கி உட்கார வைக்கப் போனார். மகன் நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தான்.

“நீ தொடாதேம்மா. போய் நர்ஸைக் கூட்டிட்டு வா.”

“நான்தான் நர்ஸ். விடுங்க.”

மகனுடைய கண் அவர் மார்பில் நின்றது. துப்புரவு. அவன் பிடியை விடவில்லை. அப்பா சாகக் கிடக்கும்போது கூட்டிப் பெருக்குகிற பெண் வந்து கை வைக்கிறாள் என்றுதான் அவனுக்குப் பட்டது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் வாசல் பக்கம் திரும்பி, மீட்டர்காரரின் சட்டையைப் படித்தான். ஆலோசகர். ஏதோ பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டான்.

“சார், நீங்க பாருங்க சார். இந்தம்மாவை வெளிய போகச் சொல்லுங்க.”

மீட்டர்காரர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். யார் யாரென்று ஒரு மாதமாகத் தடுமாறிய மூளை. பிறகு மூன்று பாக்கெட் கேட்ட முகம் என்று பிடிபட்டது.

“சட்டையைப் பாக்காதீங்க,” என்றார். “அவங்கதான் நர்ஸ். கையை விடுங்க.”

அவன் விட்டான். நர்ஸ் பெரியவரை முன்னால் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டினார். பிறகு சளி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயை வாய்க்குள் விட்டார். உதட்டில் நிறம் திரும்பியது. வேன் வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு, நெஞ்சில் கொஞ்சம் சளியோடு பெரியவர் தன் கட்டிலுக்கே திரும்பினார்.

அதற்குள் டிரஸ்டிலிருந்து மேட்ரனுக்குக் கேள்வி வந்துவிட்டது. தப்பு யார் மேல்? மகன் யாரையாவது வேலையை விட்டு அனுப்ப வேண்டுமென்று நின்றான். கம்பெனியின் பகுதி மேலாளர் ஃபோனில் மீட்டர்காரரிடம் நிதானமாகப் பேசினார். துணியில் குறை இல்லை, தையலில் குறை இல்லை. சலவையில் பிரித்து வைக்காதது வாடிக்கையாளருடைய ஊழியரின் கவனக்குறைவு. அப்படியே எழுதி மேட்ரனிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் ஆர்டர் செல்லும், ஏரியா நிற்கும்.

மீட்டர்காரர் இரண்டு நாள் வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில் நடந்தார். யோசிக்க யோசிக்கத் தப்பு கைமாறிக்கொண்டே போனது. எழுத்து தைத்த கம்பெனி, ஒரே நிறத்துக்குத் தலையாட்டிய மேட்ரன், சட்டையைத் தேடிப் போட்ட நர்ஸ், பதில் சொன்ன சமையல்காரம்மா, மாதக்கணக்கில் வராத மகன். எல்லோர் மேலும் கொஞ்சம் இருந்தது, யார் மேலும் முழுசாக இல்லை. லாண்டரிக்கார அம்மாள் மட்டும்தான் என்றைக்கும் செய்த வேலையை அன்றைக்கும் செய்தவர். ஆனால் எழுதினால் வேலை போகப்போவது அவருக்குத்தான்.

“நீங்க அந்த அலமாரியைப் பாத்தீங்கதானே?” என்று மனைவி கேட்டார்.

“பாத்தேன்.”

“பாத்துட்டு?”

“மாசம் முடியட்டும்னு இருந்தேன்.”

மனைவி பச்சைச் சட்டையை மடித்து அவர் பைக்குள் வைத்தார். அதுவே அவருக்கு நாலு அறை வாங்கிய மாதிரி இருந்தது.

மறுநாள் மேட்ரன் பின்னால் ஓடிக்கொண்டே அதைச் சொன்னார். அலமாரியை முதல் வாரமே பார்த்ததையும், ஆர்டருக்காகப் பேசாமல் இருந்ததையும், கம்பெனி எழுதச் சொன்னதையும். மேட்ரன் அன்றைக்கு முதல்முறையாக நின்றார்.

“என்கிட்ட சொன்னீங்க. நான்தான் சிரிச்சேன். டிரஸ்டுக்கு அப்படியேதான் எழுதப்போறேன். யாரையும் அனுப்பறதா இல்ல. இப்ப இந்தச் சட்டையை என்ன பண்றது, அதைச் சொல்லுங்க.”

“எழுத்தைப் பிரிச்சிடலாம்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எழுத்தும் முத்திரையும் ஒரே தையல். எழுத்தைப் பிரித்தால் முத்திரையும் வந்துவிடும். கம்பெனி முத்திரையை நீக்குகிறவர் உரிமையை இழப்பார் என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆனாலும் வார்த்தையை வாபஸ் வாங்கவில்லை.

லாண்டரி அறையில் உட்கார்ந்து பிரித்தார்கள். மீட்டர்காரருக்குக் கண் சரியில்லை, நூலோடு துணியையும் சேர்த்துக் கத்தரித்தார். மனைவியை அழைத்து வர வேண்டியதாயிற்று. மனைவியும் லாண்டரிக்கார அம்மாளும் பத்து நிமிஷத்தில் சிநேகிதமாகிவிட்டார்கள்.

“காசு கட்டி உரிமை வாங்கினார்,” என்று மனைவி அந்த அம்மாளிடம் சொன்னார். “இப்ப உக்காந்து அதைப் பிரிச்சிட்டிருக்கார்.”

“எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காருங்க,” என்றார் அந்த அம்மாள். “இவராவது வெளிய போய்ட்டு வர்றார்.”

மீட்டர்காரர் காதில் விழாத மாதிரி நூலை இழுத்தார்.

பகுதி மேலாளர் நேரில் வந்தார். சட்டைகளின் மார்பில் முத்திரை இருந்த இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன. யார் செய்தது என்று கேட்டார். நான்தான் என்றார் மீட்டர்காரர். மேலாளர் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்று சொல்ல ஆரம்பித்தார். மேட்ரன் அவரைத் தன்னோடு நடக்கச் சொல்லிக் கூட்டிப் போனார். இரண்டு தாழ்வாரம் தள்ளி மேலாளர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. மற்ற மூன்று இல்லங்களுக்கும் ஆர்டர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம். மேலே எழுத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. முத்திரை வேண்டுமானால் காலருக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம். அளவெடுக்க இவரே வர வேண்டும். அவ்வளவு பெரிய ஆர்டரை வேண்டாமென்று சொல்ல மேலாளருக்கு நாக்கு எழவில்லை.

“விதியை மீறினதுக்கு உரிமை ரத்தாகணும். ஆர்டர் கொண்டு வந்ததுக்கு உரிமை உறுதியாகணும்,” என்றார் அவர் மீட்டர்காரரிடம். “ரெண்டும் ஒரே நாள்ல வந்தா என்ன பண்றதுன்னு எங்களுக்கும் தெரியல. மேலிடத்துல கேக்கறேன். அதுவரைக்கும் தற்காலிகமா நீங்களே பாருங்க.”

அன்று சாயங்காலம் மனைவி கேட்டார். “அப்ப ஏரியா நமக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“பணம் போகலையே?”

“போகல. ஆனா வந்துடுச்சுன்னும் சொல்ல முடியாது.”

“நல்லதாப் போச்சு. இத்தனை நாள் எனக்கு மட்டும்தான் புரியலைன்னு நினைச்சேன்,” என்றார் மனைவி.

அடுத்த வாரம் இரண்டாவது இல்லத்துக்குப் போனார். சின்ன இடம். கையில் நிற அட்டை. செவிலியருக்கு வெள்ளை, பராமரிப்புக்கு நீலம், சமையலுக்கு மஞ்சள், துப்புரவுக்குச் சாம்பல். இந்தமுறை யாரையும் பார்ப்பதற்கு முன்னால் லாண்டரி எங்கே என்று கேட்டார். இங்கே அவரவர் துணியை அவரவரே வீட்டில் துவைத்துக்கொள்கிறார்கள் என்றார்கள். மீட்டர்காரருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. மேசையில் நோட்டைப் பிரித்தார், டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார், வரிசையில் முதலில் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

“நீங்க என்ன வேலைம்மா?”

“எத்தனை மணிக்குக் கேக்கறீங்க?” என்றாள் அவள்.

மீட்டர்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இங்க ஆள் குறைவுங்க. காலையில நான் சமையல். பதினோரு மணிக்கு மேல குளிப்பாட்டறது, தூக்கி உக்கார வைக்கறது. ஞாயித்துக்கிழமைன்னா ஆபீஸ்ல ஃபோன். இதோ இவர் டிரைவர், ஆனா சாயங்காலம் கூட்டிப் பெருக்கறது இவர்தான்.”

பின்னால் நின்ற ஓட்டுநர் ஆமாம் என்று தலையாட்டினார்.

மீட்டர்காரர் நிற அட்டையை ஒருமுறை பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார்.